எந்தச் சோற்றைப் பதம் பார்ப்பது?

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் கிளம்பி 82 விநாடி ஆகும் நேரத்தில், அதன் எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த ஒரு நுரைத்துண்டு இடது இறக்கையில் போய் மோதியது. எடை முக்கால் கிலோ. கையில் எடுத்தால் கனமே தெரியாத சரக்கு. வீடியோவைப் பார்த்த பொறியாளர்கள் இறக்கைக்கு என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட உட்கார்ந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது ‘க்ரேட்டர்’ என்ற கணக்கீட்டுக் கருவி. இத்தனை பெரிய துண்டு, இத்தனை வேகத்தில், இந்தக் கோணத்தில் மோதினால் வெப்பக் காப்பு ஓட்டில் எவ்வளவு ஆழத்துக்குக் குழி விழும் என்று அது சொல்லும்.

சொல்லவும் செய்தது. ஓட்டின் தடிமனையும் தாண்டிக் குழி போகும் என்றது. ஆனால் அந்த விடையை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. க்ரேட்டர் எப்போதுமே கொஞ்சம் மிகைப்படுத்தும் என்பது பழைய அனுபவம். ஓட்டின் அடியில் உள்ள அடர்த்தியான அடுக்கை அது கணக்கில் சேர்ப்பதும் இல்லை. இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. எந்தச் சோதனைகளை வைத்து அந்தக் கருவியைச் சரிப்படுத்தியிருந்தார்களோ, அவற்றில் எய்த துண்டுகள் மிகச் சிறியவை. கொலம்பியாவில் மோதியது கன அளவில் அவற்றைவிடப் பல நூறு மடங்கு பெரியது. ஆகவே க்ரேட்டரின் விடையை நம்புவதற்கும் ஆதாரம் இல்லை, தள்ளுவதற்கும் ஆதாரம் இல்லை.

பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேருடன் கொலம்பியா வானிலேயே சிதறியது. அந்த ஜூலையில், டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் உள்ள தென்மேற்கு ஆய்வு நிறுவனத்தில், அதே அளவு நுரைத்துண்டை மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் இறக்கை விளிம்பின் பலகை மீது எய்து பார்த்தார்கள். நாற்பது சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது.

விபத்துக்கு நிர்வாகக் காரணங்கள் ஏராளம். விசாரணைக் குழு அவற்றை விரிவாகவே எழுதியிருக்கிறது. அந்தக் கதையிலிருந்து இந்தக் கட்டுரைக்கு வேண்டியது ஒரே ஒரு இழைதான். க்ரேட்டரை உருவாக்கியவர்கள் சோதனை செய்யாமல் இல்லை. செய்த சோதனைகள் கேள்வி கிடந்த இடத்துக்கு வெகு தொலைவில் இருந்தன.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். கொதித்து ஒன்றாகக் கலந்த சோற்றுக்கு அது சரி. உலோகத்துக்கு அந்த விதி செல்லாது. மெதுவாக இழுத்தால் ஒரு வலிமை, வேகமாக அடித்தால் ஒரு வலிமை, சூடேற்றினால் ஒரு வலிமை. எந்தச் சோற்றை எடுத்துப் பார்ப்பது என்பதே அங்கே பெரிய கேள்வி. ஒவ்வொரு சோற்றுக்கும் லட்சக்கணக்கில் செலவு என்றால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அதற்கென்றே புள்ளியியலில் ஒரு துறை வளர்ந்திருக்கிறது. ‘உகந்த சோதனை வடிவமைப்பு’ என்று அதைச் சொல்லலாம். நூறாண்டுக்கு முன்பே வித்திட்ட துறை. உலோகச் சோதனைக் கூடங்களில் அது தீவிரமாக நுழைவது இப்போதுதான்.

கார் மோதலையோ, விமான எஞ்சினின் விசிறி இலை உடைந்து பறப்பதையோ கம்ப்யூட்டரில் நடத்திப் பார்க்க வேண்டுமானால், உலோகம் எந்த நிலையில் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஒரு சூத்திரம் வேண்டும். பொறியாளர்கள் அதை மாடல் என்கிறார்கள். இவற்றில் அதிகம் புழங்குவது ஜான்சன்-குக் மாடல். கோர்டன் ஜான்சன், வில்லியம் குக் என்ற இரு அமெரிக்கர்கள் 1983இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் நடந்த எறிபடைக் கருத்தரங்கில் அதை வெளியிட்டார்கள். செம்பு, பித்தளை, இரும்பு, எஃகு, அலுமினியம் என்று பன்னிரண்டு உலோகங்களுக்கு எண்களும் கொடுத்தார்கள்.

மாடலில் ஐந்து மாறிலிகள். ஏ என்பது உலோகம் நிரந்தரமாக வளையத் தொடங்கும் இடம். பி, என் இரண்டும், வளைய வளைய அது எப்படி இறுகுகிறது என்பதைச் சொல்பவை. வளையலுக்காக அடிக்கப்படும் கம்பி அடிபட அடிபடக் கெட்டிப்படுவதை எந்தப் பட்டறைக்காரரும் அறிவார். அதைத்தான் இவை எண்ணாக்குகின்றன. சி, வேகத்தின் பங்கு. எம், வெப்பத்தின் பங்கு. செம்புக்கு அவர்கள் கொடுத்த சி 0.025. அதாவது உருமாறும் வேகம் ஆயிரம் மடங்கு கூடினால் செம்பின் வலிமை சுமார் 17 சதவீதம் கூடும். இந்த ஐந்து எண்களையும் கண்டுபிடிப்பதுதான் காலிபரேஷன்.

ஐந்தே எண்கள், இதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். விமான எஞ்சின்களில் பயன்படும் டைட்டானியக் கலவை ஒன்று உண்டு: ஆறு சதவீதம் அலுமினியம், நான்கு சதவீதம் வனேடியம் சேர்த்தது. ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் அதற்கு ஜான்சன்-குக் எண்கள் பல தொகுதிகளாகக் கிடைக்கும். ஒன்றில் ஏ 783 மெகாபாஸ்கல், இன்னொன்றில் 862, மற்றொன்றில் 1,098. வேகத்தின் பங்கான சி ஒன்றில் 0.028, இன்னொன்றில் 0.012. முதல் எண்ணை நம்பினால் வேகம் பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் வலிமை 6.4 சதவீதம் கூடும். இரண்டாவதை நம்பினால் 2.8 சதவீதம்தான். பெயர் ஒன்றே என்றாலும் உலை வேறு, பதப்படுத்திய விதம் வேறு என்பது இதற்கு ஒரு காரணம். செய்த சோதனைகள் வேறு என்பது இன்னொரு காரணம். பின்னால் வருபவர் இவற்றில் ஏதோ ஒரு தொகுதியை எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்கிறார். பெரும்பாலும், முதலில் கண்ணில் பட்டதை.

மூன்றாவது காரணம் நுட்பமானது. பி-ஐக் கூட்டி, கூடவே என்-ஐயும் சற்றுக் கூட்டினால், சோதனையில் வந்த வளைகோடு ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஒன்றின் தவறை மற்றொன்று மறைத்துவிடுகிறது. சி-க்கும் எம்-முக்கும் இடையிலும் இதே கூட்டு உண்டு. உலோகத்தை வளைக்கச் செலவிடும் ஆற்றலில் பெரும்பங்கு, ஏறத்தாழ 90 சதவீதம், வெப்பமாக மாறுகிறது என்று இங்கிலாந்தில் ஜி.ஐ. டெய்லரும் குவின்னியும் 1934இல் அளந்து காட்டினார்கள். வேகமாக அடிக்கும்போது அந்தச் சூடு வெளியேற நேரமில்லை. வேகத்தால் உலோகம் இறுகுகிறது, அதே கணத்தில் சூட்டால் தளர்கிறது. வெளியே தெரிவது இரண்டின் கூட்டுத்தொகை மட்டும். ‘நிறைய இறுகி நிறையத் தளர்ந்தது’ என்றாலும் சரி, ‘கொஞ்சம் இறுகிக் கொஞ்சம் தளர்ந்தது’ என்றாலும் சரி, அந்த ஒரு சோதனைக்குள் இரண்டுக்கும் ஒரே விடைதான். அதே சோதனையை இன்னும் ஐம்பது முறை செய்தாலும் இந்த முடிச்சு அவிழாது. அவிழ்ப்பதற்கு வேறு வகைச் சோதனை வேண்டும்.

வகைகளுக்குப் பஞ்சமில்லை. கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் இழுவை எந்திரம் ஒரு தண்டை மெல்ல இழுக்கும். ஒரு விநாடியில் அது தன் நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளும். அடுத்தது ஹாப்கின்சன் தண்டு. பெர்ட்ரம் ஹாப்கின்சன் 1914இல் உருவாக்கி, ஹெர்பர்ட் கோல்ஸ்கி 1949இல் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த கருவி. இரண்டு நீண்ட தண்டுகளுக்கு நடுவே சின்னச் சோதனைத் துண்டை வைத்து, ஒரு முனையில் அடித்து அலையை அனுப்புவார்கள். எல்லாம் சில நூறு மைக்ரோ விநாடிகளில் முடிந்துவிடும். வேகம் இழுவை எந்திரத்தைவிடப் பத்து லட்சம் மடங்கு. அதற்கும் மேலே டெய்லர் சோதனை: உலோக உருளையைத் துப்பாக்கியில் வைத்துக் கெட்டியான சுவர்மேல் சுடுவது. முன்முனை காளான்போல் விரிந்துவிடும். பின்பாதி அப்படியே இருக்கும். எவ்வளவு குறுகியது என்பதிலிருந்து வலிமையைக் கணக்கிடும் வழியை டெய்லர் 1948இல் வெளியிட்டார். ஒரே உருளைக்குள் பல வேகங்களும் பல திரிபுகளும், அதாவது உருமாற்ற அளவுகளும், பதிவாகிவிடுவது அதன் அழகு.

உச்சியில் இருப்பவை லேசர் சோதனைகள். கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கற்றைகளை ஒரே புள்ளியில் குவிக்கும் வசதி இருக்கிறது. அங்கே டான்டலம் என்ற உலோகத்தின் வலிமையை, பூமியின் மையத்தோடு ஒப்பிடத்தக்க அழுத்தத்தில் அளந்திருக்கிறார்கள். இவ்வளவு பாடு எதற்கு? அமெரிக்கா கடைசியாக அணுகுண்டுச் சோதனை நடத்தியது 1992 செப்டம்பரில். அதன்பிறகு கிடங்கில் இருக்கும் குண்டுகளைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் கம்ப்யூட்டர்தான் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. குண்டையே வெடித்துப் பார்க்க முடியாது என்ற நிலையில், மாடலுக்குள் இருக்கும் எண்கள்மீது ஆய்வகங்களுக்கு வந்த அக்கறை புரிந்துகொள்ளக் கூடியதே. இந்தத் துறைக்கு வந்த பணத்தில் கணிசமான பங்கு அந்தக் கதவு வழியாக வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

செலவு என்றால் பணம் மட்டுமல்ல, காலமும்தான். சூட்டில் எடையைத் தாங்கி நிற்கும் உலோகம் ஆண்டுக்கணக்கில் மெல்ல நீண்டுகொண்டே போகும். க்ரீப் என்பார்கள். ஜப்பானின் தேசியப் பொருளறிவியல் நிறுவனம் 1969இல் ஓர் எஃகுத் துண்டை 400 டிகிரியில் தொங்கவிட்டது. அந்தச் சோதனை 2011 வரை ஓடியது. தொடங்கியவர்களில் பலர் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார்கள். நம் கல்பாக்கத்தில், நாற்பது ஆண்டு உழைக்க வேண்டிய வேக ஈனுலை என்ற அணு உலைக்காக, 316 எல்.என். என்ற எஃகில் நைட்ரஜனின் அளவை மாற்றி மாற்றி க்ரீப் சோதனைகள் நடந்திருக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் தப்பான சோதனையைத் தேர்ந்தெடுத்துவிட்டால், தெரிய வரும்போது பத்தாண்டு போயிருக்கும்.

ஆக, கையில் இருக்கும் சில வாய்ப்புகளை எங்கே செலவிடுவது? இதைக் கணிதமாகக் கேட்ட முதல் ஆட்களில் ஒருவர் கிர்ஸ்டீன் ஸ்மித் என்ற டென்மார்க் பெண்மணி. லண்டனில் கார்ல் பியர்சனிடம் ஆய்வு செய்தவர். 1918இல் பயோமெட்ரிகா இதழில் வந்த அவருடைய கட்டுரை, ஒரு வளைகோட்டைத் துல்லியமாக வரைய அளவீடுகளை எந்தெந்தப் புள்ளிகளில் வைக்க வேண்டும் என்று ஆராய்ந்தது. உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். கட்டுரையின் அருமை உரியவர்களுக்குப் புரிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

அவருடைய எண்ணத்தை உலோகத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஆறு சோதனைக்குத்தான் காசு இருக்கிறது. தெரிய வேண்டியது சி மட்டும். வேகத்தைப் பத்து மடங்குப் படிகளாக வைத்து வரைந்தால் வலிமை நேர்கோட்டில் ஏறும் என்கிறது மாடல். அந்தக் கோட்டின் சரிவே சி. பெரும்பாலானோர் என்ன செய்வார்கள்? மிக மெதுவான வேகத்திலிருந்து மிக வேகமானது வரை சம இடைவெளியில் ஆறு புள்ளிகள். பார்வைக்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் மூன்று சோதனைகளை இடது ஓரத்திலும் மூன்றை வலது ஓரத்திலும் வைத்தால் சரிவு எவ்வளவோ துல்லியமாகக் கிடைக்கும். எல்லாச் சோதனையிலும் அளவீட்டுப் பிழை ஒரே மாதிரி என்று கொண்டால், ஓரங்களில் செய்த ஆறு சோதனை தரும் துல்லியத்தைச் சம இடைவெளியில் எட்ட 16 சோதனை வேண்டும். பத்துச் சோதனைக்கான பணம், இடத்தை மாற்றியதால் மட்டும் மிச்சம்.

மாறிலி ஒன்றானால் இப்படி. ஐந்தும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால்? 1943இல் ஏப்ரஹாம் வால்ட் இதற்கு ஒரு வழி சொன்னார். ஐந்து எண்களைப் பற்றிய நம் அறியாமையை ஐந்து பரிமாணத்தில் ஒரு பூசணிக்காய் வடிவமாகக் கற்பனை செய்துகொண்டு, அதன் மொத்தக் கன அளவை எந்தச் சோதனைத் தொகுதி அதிகம் சுருக்குகிறதோ அதைத் தேர்ந்தெடு என்பது அதன் சாரம். இரண்டாம் உலகப்போரில் குண்டடி பட்டுத் திரும்பிய விமானங்களைப் பார்த்து, துளை விழாத இடங்களுக்குத்தான் கவசம் வேண்டும் என்று சொன்னவராக உலகம் அவரை அறிந்திருக்கிறது. துளை விழுந்த இடத்தில் அடிபட்டும் விமானம் திரும்பி வந்துவிட்டது. மற்ற இடத்தில் அடிபட்டவை வரவே இல்லை. தரவு எங்கிருந்து வரவில்லை என்று பார்க்கும் கண் அவருக்கு இருந்தது. இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவாற்ற வந்த வால்ட், 1950 டிசம்பரில் அவர் சென்ற விமானம் நீலகிரி மலையில் மோதி, மனைவியோடு இறந்தார். வயது 48.

அடுத்த பாய்ச்சல் 1956இல். டென்னிஸ் லிண்ட்லி என்ற ஆங்கிலேயர் வேறு கோணத்தில் கேட்டார்: ஒரு சோதனை எவ்வளவு தகவல் தரும் என்பதை, அதைச் செய்வதற்கு முன்பே அளக்க முடியுமா? தொலைபேசிக் கம்பியில் செல்லும் செய்தியின் அளவைக் கணக்கிட கிளாட் ஷானன் 1948இல் உருவாக்கிய அளவுகோலை லிண்ட்லி எடுத்துக்கொண்டார். சோதனைக்கு முன் நம் அறியாமை எவ்வளவு, பின் எவ்வளவு. வித்தியாசம்தான் சோதனை தந்த தகவல். முடிவு இன்னும் தெரியாதே? வரக்கூடிய எல்லா முடிவுகளுக்கும் சராசரி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்று இதைக் கம்ப்யூட்டரில் ஒத்திகையாகச் செய்கிறார்கள். டைட்டானியத்துக்குச் சாத்தியமான ஐந்தெண் தொகுதிகள் ஆயிரத்தை எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொன்றும் உண்மையாக இருந்தால் இழுவைச் சோதனையில் என்ன வரும், ஹாப்கின்சன் தண்டில் என்ன வரும், சூடாக்கி அடித்தால் என்ன வரும் என்று கணக்கிடுவார்கள். ஏதோ ஒரு சோதனையில் ஆயிரம் தொகுதிகளும் ஏறக்குறைய ஒரே விடையைச் சொன்னால், அந்தச் சோதனையைச் செய்வது வீண். விடை முன்பே தெரியும். எந்தச் சோதனையில் அவை ஆளுக்கொரு விடை சொல்லிச் சண்டை போட்டுக்கொள்கின்றனவோ, அங்கே போய் அளந்தால் பாதிக்கு மேல் தோற்று வெளியேறும்.

லிண்ட்லியின் சூத்திரத்தை இப்படி விரித்தால் அதன் சாரம் பிடிபடும்: முடிவை நம்மால் ஊகிக்க முடியாத சோதனையே சிறந்தது. நடைமுறையில் ஆய்வகங்கள் இதற்கு நேர் எதிராகத்தான் நடந்துகொள்கின்றன. நன்றாக வரும் என்று தெரிந்த சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். வரைபடம் அழகாக வருகிறது, அறிக்கை கனக்கிறது.

ஊகிக்க முடியாமை என்பதிலும் இரண்டு வகை இருக்கிறது. அழுத்தச் சோதனையில் துண்டின் இரு முனைகளும் தட்டோடு உராயும். உராய்வு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி. முடிவு தாறுமாறாக வரும், ஆனால் அந்தத் தாறுமாறு உலோகத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. எனவே மொத்த ஊகிக்க முடியாமையிலிருந்து கருவியின் சலசலப்பைக் கழிக்க வேண்டும். மிச்சம் இருப்பதுதான் மதிப்பு. சூத்திரம் இந்தக் கழித்தலைத் தானே செய்துவிடுகிறது.

எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது, கணக்குப் போடும் நேரத்தைப் பார்க்கும் வரை. சாத்தியமான ஆயிரம் உண்மைகள், ஒவ்வொன்றையும் அதற்கெனப் புதிதாக எடுத்த ஆயிரத்தோடு ஒப்பிட்டால் பத்து லட்சம் கணக்கீடுகள். டெய்லர் உருளை சுவரில் மோதுவதைக் கம்ப்யூட்டரில் ஓட்ட ஒரு மணி நேரம் என்று வைத்தால் மொத்தம் 114 ஆண்டு. இதற்காகத்தான் கணக்கீட்டுக்கு ஒரு பதிலாளை வைக்கிறார்கள். சில நூறு முறை மட்டும் முழுக்கணக்கை ஓட்டி, இடைப்பட்ட புள்ளிகளில் என்ன வரும் என்பதையும், அந்த ஊகத்தை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லும் ஒரு புள்ளியியல் சூத்திரத்தைப் பழக்குவது. இந்த உத்தி பிறந்தது தங்கச் சுரங்கத்தில். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டில் அங்கங்கே துளையிட்டு எடுத்த கற்களை வைத்து, துளையிடாத இடத்தில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று கணிக்க டேனி க்ரிக் என்ற சுரங்கப் பொறியாளர் 1950களின் தொடக்கத்தில் வழி தேடினார். அவர் பெயரால் அது இன்றும் க்ரிகிங் எனப்படுகிறது.

இந்த முறையின் பெரிய ஓட்டையைச் சொல்லாமல் விட்டால் விளம்பரமாகிவிடும். ‘உகந்தது’ என்று கணக்கு சொல்வதெல்லாம், மாடல் சரியாக இருந்தால் மட்டுமே உகந்தது. மேலே சொன்ன நேர்கோட்டை மீண்டும் எடுத்துக்கொள்வோம். செம்பின் வலிமை, ஒரு விநாடிக்கு ஆயிரம் முதல் பத்தாயிரம் என்ற திரிபு வேகத்தைத் தாண்டும்போது கோட்டை விட்டு விலகிச் சட்டென்று மேலே ஏறுவதைப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. இடது ஓரத்தில் மூன்று, வலது ஓரத்தில் மூன்று என்று மட்டும் சோதனை செய்தவருக்கு இந்த வளைவு கண்ணிலேயே படாது. இரு புள்ளிகளுக்கு நடுவே எப்போதும் ஒரு நேர்கோடு வரும். அவர் மிகத் துல்லியமான, முற்றிலும் தவறான ஒரு சி-யைப் பெருமையோடு வெளியிடுவார்.

புள்ளியியலாளர்களுக்குள் இது பழைய சண்டை. மாடலே தவறாக இருக்கலாம் என்ற பயத்தையும் கணக்கில் சேர்த்தால் சோதனைகளை ஓரத்துக்குத் தள்ளக்கூடாது, உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும் என்று ஜார்ஜ் பாக்ஸும் நார்மன் டிரேப்பரும் 1959இல் எழுதினார்கள். 2001இல் மார்க் கென்னடியும் ஆண்டனி ஓ'ஹேகனும், மாடலுக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளியைத் தனி உறுப்பாகச் சூத்திரத்தில் சேர்க்கும் வழியைக் கொடுத்தார்கள். அது உதவுகிறது; ஆனால் அந்த இடைவெளி எப்படிப்பட்டது என்றும் ஏதாவது ஊகிக்க வேண்டியிருப்பதால், பிரச்சினை ஓர் அறையிலிருந்து பக்கத்து அறைக்குப் போனதாகவும் சொல்லலாம். இந்தக் காரணத்தால், கணக்கு என்ன சொன்னாலும் ஒன்றிரண்டு சோதனைகளை நடுவில் ஒதுக்கி வைப்பதே விவேகம். அது வீண்செலவு என்று கணினி சொன்னால் சொல்லட்டும்.

இன்னொன்று, ஐந்து எண்களும் எல்லோருக்கும் ஒரே அளவு முக்கியமல்ல. டைட்டானியத்தைக் கடைசல் எந்திரத்தில் சீவுபவருக்குக் கருவியின் முனையில் பல நூறு டிகிரி சூடு ஏறும். அவருக்கு எம் துல்லியமாக வேண்டும். அடிக்காமல் மெதுவாக அழுத்தி உருவாக்குபவருக்குச் சி எப்படி இருந்தால் என்ன? உடைந்து பறக்கும் விசிறி இலையை எஞ்சினின் உறை தடுத்து நிறுத்துமா என்று கேட்பவருக்கோ, மிக வேகத்தில் நடப்பதுதான் எல்லாம். எல்லா மாறிலிகளையும் சமமாகச் சுருக்குவதை விட்டு, கேட்கப்படும் கேள்வியின் விடையில் உள்ள நிச்சயமின்மையைச் சுருக்கும் சோதனையைத் தேடுவது இப்போது வலுப்பெற்றுவரும் போக்கு. க்ரேட்டர் விவகாரத்தை இந்தக் கண்ணால் பார்த்தால், முதலில் கேட்டிருக்க வேண்டியது எளிதாகத் தெரியும்: நாளைக்கு இந்தக் கருவியிடம் யார், எந்த அளவு துண்டைப் பற்றிக் கேட்கப்போகிறார்கள்?

அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகங்களில் இன்னும் ஒரு படி போயிருக்கிறார்கள். வழக்கமாகச் சோதனைக்கூடம் ஒரு கட்டடத்தில், மாடல் எழுதுபவர்கள் வேறு கட்டடத்தில். முதல் குழு எல்லாச் சோதனையையும் முடித்து எண்களை அனுப்பும். இரண்டாம் குழு அதைப் பார்த்து, இது போதாதே என்று முணுமுணுக்கும். இந்த இரண்டையும் ஒரே சங்கிலியாகக் கோக்கும் முயற்சி சாண்டியாவினுடையது. சோதனைத் துண்டு சிலுவை வடிவத்தில் இருக்கும்; நான்கு கைகளைப் பிடித்து இரு திசைகளிலும் இழுக்கலாம். ஒரு சிறு அடி இழுத்ததும், அதுவரை கிடைத்த அளவீட்டைக் கொண்டு மாறிலிகள் புதுப்பிக்கப்படும். அடுத்த அடியைக் கிடையாக வைத்தால் தகவல் அதிகமா, நெடுக்காக வைத்தால் அதிகமா, இரண்டையும் சேர்த்தா என்று லிண்ட்லியின் கணக்கு தீர்மானிக்கும். எந்திரம் அதன்படி இழுக்கும், மறுபடி அளக்கும். முதலில் கம்ப்யூட்டரில் உருவாக்கிய தரவைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். மனித உள்ளுணர்வால் முன்கூட்டியே வகுத்த இரண்டு இழுப்புப் பாதைகளோடு ஒப்பிட்டபோது, கணக்கு தேர்ந்தெடுத்த பாதையில் மாறிலிகளின் நிச்சயமின்மை குறைவாக வந்தது.

அந்த வெற்றி பொம்மை அளவில்தான், வேகமாக ஓடும் எளிய மாடலில். உண்மையான எந்திரத்தில் வேறு தொல்லைகள் காத்திருக்கின்றன. துண்டின் மேல் கறுப்புப் புள்ளிகள் தெளித்து, கேமராக்கள் அவை நகர்வதைப் படமெடுத்து, ஆயிரக்கணக்கான இடங்களில் திரிபை அளக்கின்றன. அவ்வளவு தரவையும் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே மென்று முடிக்க வேண்டும். இதற்குள் எந்திரம் துண்டை இழுத்துப் பிடித்தபடி காத்திருக்கும். பிடித்து வைத்த உலோகமோ சும்மா இருப்பதில்லை. நீளம் மாறாமலே அதற்குள் இருக்கும் விசை மெல்லத் தளர்கிறது. கணக்கு நீண்ட நேரம் யோசித்தால், யோசித்து முடிக்கும்போது கையில் இருப்பது அது யோசிக்கத் தொடங்கிய நிலையில் இருந்த துண்டு அல்ல. அதனால் இந்தக் குழுக்களின் இப்போதைய கவலையில் பாதி புள்ளியியல், மறுபாதி வேகம்: சற்றே மோசமான முடிவை ஒரு நிமிடத்தில் எடுப்பதா, சிறந்த முடிவை ஒரு மணி நேரத்தில் எடுப்பதா.